மைக்செட்டிலிருந்து மிக்சருக்கு: கோர்ஸில் சேர்வதா, கேபிள் சுருட்டுவதா?

மைக்செட் தம்பி | திங்கள் இரவு 11:20

செஞ்சிப் பக்கம் கிராமம். வயது 22. டிப்ளமோ இ.சி.இ. முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. மாமா மைக்செட் வைத்திருக்கிறார். எட்டு குழாய், நாலு பாக்ஸ், இரண்டு ஆம்ப்ளிஃபையர், மைக்குகளின் சத்தத்தைக் கலக்கும் 12 சேனல் மிக்சர் ஒன்று. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றும் திருவிழா, பாரதக் கூத்து எல்லாவற்றுக்கும் நான்தான் போகிறேன்.

போன மாதம் சென்னையில் ஒரு பெரிய மெல்லிசை நிகழ்ச்சிக்கு ஆள் பற்றவில்லை என்று கேபிள் இழுக்கக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் மிக்சரில் நின்றவருக்குப் பின்னால் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். பாடகி சரணத்தைத் தாழ்ந்த குரலில் எடுத்தார். இவர் குரலைத் தொடவே இல்லை. கீபோர்டையும் கிதாரையும் ஒரு நூல் இறக்கினார். குரல் தானாக முன்னால் வந்து உட்கார்ந்தது. நானாக இருந்தால் குரலைத் தள்ளியிருப்பேன், கீ என்று கத்தியிருக்கும். அன்றிலிருந்து வேறு யோசனையே ஓடவில்லை.

சென்னையில் லைவ் சவுண்ட் (மேடை ஒலி) கோர்ஸ் விசாரித்தேன். லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். அந்த நிகழ்ச்சிக்கு சவுண்ட் வாடகைக்குக் கொடுத்த கம்பெனியின் மேனேஜரோ "ஹெல்ப்பராக வா, தினக்கூலி தருகிறேன்" என்கிறார். மாமா "இதுக்கு எதுக்குடா படிப்பு?" என்கிறார். அம்மா "இதெல்லாம் ஒரு வேலையா, பொண்ணு குடுப்பாங்களா?" என்கிறார். துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஃபேடர் | செவ்வாய் காலை 6:05

தம்பி, பத்து நிமிஷத்தில் நீ பார்த்ததை நான் பார்க்க மூன்று வருஷம் ஆனது. எனக்கு இது 27-வது வருஷம். பாதி சபாக்களில், மீதி மெல்லிசை மேடைகளில்.

ஹெல்ப்பராகப் போ. முதல் வருஷம் யாரும் உன்னை ஃபேடரை (மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் கட்டை) தொட விட மாட்டார்கள். கேபிள் சுருட்டச் சொல்வார்கள். அதில் உனக்குப் பரீட்சை இருக்கிறது. முழங்கையில் மாட்டி முறுக்கிச் சுருட்டினால் மூத்தவர் ஒருவர் முறைப்பார். ஒரு சுற்று நேராகப் போட்டால் அடுத்த சுற்றைக் கையைத் திருப்பிப் புரட்டிப் போட வேண்டும். அப்படிச் சுருட்டியதை ஒரு முனையைப் பிடித்து வீசினால் மேடைக் குறுக்கே முடிச்சில்லாமல் ஓடும். முறுக்கிய கேபிளின் உள்ளே கம்பி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். அது அறுவது எப்போது தெரியுமா? தனி ஆவர்த்தனத்தின் நடுவில்தான். 32 லைன் போட்ட மேடையில் எந்த லைன் செத்தது என்று இருட்டில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தேடினால்தான் சுருட்டுவதன் அருமை புரியும்.

கோர்ஸில் இதைச் சொல்லித் தருவார்கள், இரண்டு மணி நேரம். கம்பெனியில் ஆயிரம் தடவை செய்வாய்.

க்யூ 47 | செவ்வாய் காலை 9:40

ஃபேடர் சார் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நாடகங்களுக்கும் மியூசிக்கல்களுக்கும் (பாட்டு நாடகம்) ஒலி பார்ப்பவன் நான். படிக்காமல் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு அப்புறம் போய்ப் படித்தவன். அந்த ஆறு வருஷத்தில் நான் கற்றது "எங்க அண்ணன் இப்படித்தான் செய்வார்" என்பது மட்டும். ஏன் என்று அண்ணனுக்கும் தெரியாது.

ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி. மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி ஒரு ஜோடி பாக்ஸ் வைத்திருந்தோம். பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு வசனம் இரட்டையாகக் கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. அண்ணன் சவுண்டை ஏத்தச் சொன்னார். ஏத்தினோம், இன்னும் மோசமானது. காரணம் ரொம்பச் சின்னது. நம்ம ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 35 மீட்டர் கடக்க 100 மில்லி செகண்ட். கம்பி வழியாகப் போகும் சிக்னலோ அந்த நொடியே பின் பாக்ஸுக்குப் போய்விடும். அப்போ பின் பாக்ஸ் முதலில் பேசுகிறது, மேடை பத்தில் ஒரு செகண்ட் கழித்துப் பேசுகிறது. பின் பாக்ஸுக்கு 100 மில்லி செகண்ட் டிலே (தாமதம்) போட்டு, அதற்கு மேல் பத்துப் பதினைந்து கூட்டினால் சத்தம் மேடையிலிருந்தே வருகிற மாதிரி காது நம்பிவிடும். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையைத்தான் காது பிடித்துக்கொள்ளும்.

ஒரு பக்கக் கணக்குதான் இது. ஆறு வருஷம் ஒருவரும் சொல்லவில்லை.

படிப்பு என்றதும் லட்ச ரூபாய் கோர்ஸ் மட்டும்தான் என்று நினைக்காதே. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப் பிரிவு இருக்கிறது, அரசு நிறுவனம். ஆனால் அங்கே குறி சினிமா. லைவை நீயாகத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கூத்து ராத்திரி | செவ்வாய் மதியம் 2:15

தம்பி நம்ம ஊர்ப் பக்கம். வந்தவாசியில் மைக்செட் வைத்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்கிறேன், சென்னைக்காரர்கள் சண்டைக்கு வராதீர்கள். கூத்துக்கு மைக் கட்டியவனுக்கு மற்றதெல்லாம் சுலபம். மெல்லிசையில் பாடகர் மைக்கைக் கையில் வைத்திருப்பார். கூத்தில் வேஷக்காரர் கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு கிறுக்கி அடித்துச் சுற்றுவார். மைக் தலைக்கு மேலே தொங்கும். பாட்டு நாலு திசைக்கும் போகும். பின்னால் பெஞ்சில் ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை (குட்டி நாதஸ்வரம் மாதிரி ஊதுவது). முகவீணை ஒன்று போதும், மைக்கே இல்லாமல் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

இப்போது புதுத் தலைவலி, மணி பத்தைத் தாண்டினால் போலீஸ். 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாவுக்கென்று அரசு விலக்குக் கொடுத்தாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் வருஷத்துக்கு 15 நாள்தான். பதினெட்டாம் போர் விடியற்காலையில் முடிகிற கூத்து. துரியோதனன் தொடை பிளப்பதைப் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட முடியுமா? அதனால் பத்துக்கு மேல் குழாயெல்லாம் ஆஃப். பாக்ஸை ஜனத்தைப் பார்த்து இறக்கிவைத்து, உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற அளவு. இந்தக் கட்டாயத்தில்தான் நானே ஒழுங்காக வேலை கற்றேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மைக்செட் தம்பி | செவ்வாய் இரவு 10:50

எல்லாருக்கும் நன்றி. கூத்து அண்ணே, எனக்கும் அதே தொங்கும் மைக் பிரச்சினைதான். நாலு மைக் தொங்கவிடுகிறேன், கொஞ்சம் ஏத்தினாலே ஊளை. மாமா இன்னும் இரண்டு மைக் போடச் சொல்கிறார்.

க்யூ 47 | செவ்வாய் இரவு 11:35

போடாதே! இருப்பதில் இரண்டைக் கழற்று.

திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால் ஊளை வருவதற்கு முன் சத்தத்தை ஏத்த உன் கையில் இருக்கும் இடம் 3 டெசிபல் குறையும். நாலை இரண்டாக்கினால் அந்த 3 திரும்பக் கிடைக்கும். அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் 6 டெசிபல் கிடைக்கும். கிரீடத்துக்கு மேல் நாலடியில் தொங்கும் மைக்கைக் கீழே கொண்டு வா. கிரீடம் இடிக்கும் என்றால் மேடை முன் விளிம்பில் தரையோடு ஒன்று வைத்துப் பார். பெஞ்சுக்குத் தனி மைக், அது எப்போதும் குறைச்சலாக.

இன்னொன்று: பாக்ஸ் மைக்குக்குப் பின்னால் இருக்கிறதா? நிறைய இடத்தில் பார்க்கிறேன், மேடையின் பின்மூலையில் பாக்ஸ், அதற்கு முன்னால் மைக். அது தன் குரலைத் தானே கேட்டுத் திரும்பக் கத்துகிறது. பாக்ஸை மைக் வரிசைக்கு முன்னால் நகர்த்து. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பழைய ஃபேடர் | புதன் காலை 6:20

கூட ஒரு பயிற்சி. கூத்து பெஞ்சில் ஹார்மோனியம் இருக்கிறதே, அதுதான் உன் கல்லூரி. கட்டையை அழுத்திப் பார். நடு ஸ்தாயி ஒரு கட்டை சுமார் 262 ஹெர்ட்ஸ். ஆறு கட்டை 440. ஒரு கட்டையின் மேல் ஸட்ஜம் 523, அதற்கும் மேல் 1047. இந்த நாலு இடத்தையும் காதில் ஏற்றிக்கொண்டால், மைக் ஊளையிடும்போது "இது மேல் ஸட்ஜத்துக்குக் கொஞ்சம் கீழே, அப்போ 500 பக்கம்" என்று கை தானாக அந்தப் பட்டைக்குப் போகும். ஒலியை 31 பட்டையாகப் பிரித்துத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் ஜனம் காதைப் பொத்திக்கொள்ளும்.

கூட்டம் வருவதற்கு முன் மைக்கைத் திறந்து மெதுவாக ஏத்து. முதலில் எது பாடுகிறதோ அதை 3 டெசிபல் இறக்கு. திரும்ப ஏத்து. இரண்டாவது, மூன்றாவது வரைக்கும் போ. அதோடு நிறுத்து. புதுசாகக் கற்றவன் செய்யும் தப்பு, ஊளை வருகிற இடத்தையெல்லாம் வெட்டிக்கொண்டே போவது. 2500, 3150 பட்டைகளை ஆழமாக வெட்டினால் ஊளை போகும், கூடவே ச, த, ட எல்லாம் போகும். "சத்தியவான்" "அத்தியவான்" ஆகிவிடுவான்.

தொப்பி வலந்தலை | புதன் காலை 11:10

நான் மிருதங்கம் வாசிப்பவன். உள்ளே வரலாமா? மேடையில் உட்கார்ந்து கேட்பவன் பக்கத்தையும் தம்பி தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு சபாவில் (பெயர் வேண்டாம்) டிசம்பர் கச்சேரி. எனக்கு முன்னால் ஒரு கச்சேரி, பின்னால் ஒன்று. நடுவில் பத்து நிமிஷம். சவுண்ட் தம்பி வந்தார், தொப்பியிலிருந்து (மிருதங்கத்தின் இடப் பக்கம்) இரண்டு அங்குலத்தில் ஒரு மைக்கை நட்டார், போய்விட்டார். தொப்பியில் ரவை ஒட்டியிருக்கும். அதனால்தான் அந்த அடி நாதம். அதன் வாயிலேயே மைக் வைத்தால் கும் கும் என்று அரங்கம் முழுக்க வண்டி ஓடுகிற சத்தம். நான் மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தேன். அவர் ஓடி வந்து திரும்ப நட்டார். மறுபடி தள்ளினேன். வர்ணம் முடிவதற்குள் மூன்று தடவை. பாடகிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கன்சோல் (பெரிய மிக்சர்) விலையை எங்களிடம் சொல்லாதீர்கள். எங்கள் வாத்தியத்தை அரை மணி நேரம், மைக் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வீணைக்கு ஒட்டுகிற மைக் வைத்தால் தகரம் மாதிரி இருக்கும், வெளியில் வைத்தால் ஊளை வரும். இரண்டையும் எவ்வளவு கலப்பது என்பது வீணையைப் பக்கத்தில் கேட்டவருக்குத்தான் தெரியும். கடத்துக்கும் அப்படித்தான், மோர்சிங்குக்கும் அப்படித்தான்.

பழைய ஃபேடர் | புதன் மதியம் 1:30

வித்வான் அவர்களுக்கு வணக்கம். அந்தத் தம்பி நான் இல்லை என்று சத்தியம் செய்கிறேன்.

ஆனால் எங்கள் பக்கமும் ஒரு வழக்கு உண்டு. கச்சேரி தொடங்கியதும் பாடகர் விரலை மேலே காட்டுவார்: மானிட்டரில் (மேடையில் இருப்பவர்களே கேட்பதற்கு வைக்கும் பாக்ஸ்) குரல் ஏத்து. அது கேட்டதும் வயலின்காரர் காட்டுவார். அப்புறம் நீங்கள். ஐந்து நிமிஷத்தில் மேடை மானிட்டர் அரங்கத்தை விடச் சத்தம். முன் வரிசைக்காரர் மெயின் பாக்ஸையே கேட்கவில்லை, உங்கள் மானிட்டரின் முதுகைக் கேட்கிறார். அதன் பிறகு "மண்டபத்தில் ஒரே இரைச்சல்" என்று விமரிசனம் வரும், திட்டு எனக்கு.

யாராவது ஒருவர் ஒரு தடவையாவது விரலைக் கீழே காட்டுங்கள் ஐயா. மைக்கே இல்லாத காலத்தில் கிட்டப்பா நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் பாடினார் என்பார்கள். அவருக்கு மானிட்டர் கொடுத்தது யார்?

தொப்பி வலந்தலை | புதன் மதியம் 1:52

கொட்டகையில் ஏ.சி. இரைச்சல் இல்லை, செல்போன் இல்லை, கேன்டீன் தோசைக் கல் சத்தம் இல்லை. ஆனாலும் வழக்கை ஒப்புக்கொள்கிறேன். இந்த மார்கழி ஒரு கச்சேரியிலாவது விரலைக் கீழே காட்டுகிறேன்.

மானிட்டர் அக்கா | புதன் இரவு 9:05

மானிட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் வந்தேன். ஒன்பது வருஷமாக அதுதான் என் வேலை. மேடை ஓரத்தில் இருட்டில் நின்று பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு விதமான கலவை கொடுப்பது. கூட்டம் என் வேலையைக் கேட்பதே இல்லை. பாடுகிறவரின் முகம்தான் எனக்கு மீட்டர். புருவம் சுருங்கினால் சுருதி கேட்கவில்லை, காதிலிருந்து இயர் பீஸைக் கழற்றினால் நான் எதையோ கெடுத்துவிட்டேன்.

தம்பி, யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: உன் காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88 என்றால் நாலு மணி நேரம், 100 என்றால் 15 நிமிஷம். நம்ம மேடையில் 100 என்பது சாதாரணம். எனக்கு நாலாவது வருஷம் ஒரு ரிகர்சல் முடிந்து வீட்டில் படுத்தால் இடது காதில் பழைய டி.வி. ஓடும்போது வரும் மாதிரி ஒரு மெல்லிய கீ. இன்னும் போகவில்லை. ஃபேன் ஓடினால்தான் தூக்கம். மருத்துவர் "குறையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். மேடைப் பக்கம் நிற்கும்போது, மிக்சரில் கை இல்லாத நேரமெல்லாம் காதடைப்பான் போடு. பெண்கள் பின்னல் பின்னிக்கொள்வது போல அது தினப் பழக்கமாகணும்.

பெண் பிள்ளைகளும் படிக்கிறீர்கள் என்றால்: வரலாம். எடை தூக்க முடியுமா என்று கேட்பார்கள். நாலு பேர் தூக்குவதை யாரும் தனியாகத் தூக்குவதில்லை. அதை விட இரண்டு கேள்வி முக்கியம். இடத்தில் கழிவறை இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு லோடு ஏற்றியதும் வீட்டுக்கு வண்டி யார் தருவது? இரண்டையும் ஒப்புக்கொள்ளும்போதே கேளுங்கள். முதல் இரண்டு வருஷம் நான் கேட்கவில்லை, தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்தேன். "பாட வந்தீங்களாம்மா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். கன்சோலைக் காட்டி "இதை வாசிக்க வந்தேன்" என்பேன்.

கணக்குப் பிள்ளை | வியாழன் காலை 8:30

சுவையாகப் பேசுகிறீர்கள். அம்மா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? காசு?

மானிட்டர் அக்கா | வியாழன் காலை 10:15

நியாயமான கேள்வி. என் கணக்கையே சொல்கிறேன். ஹெல்ப்பராக முதல் நாள் கூலி 400 ரூபாய், சாப்பாடு தனி. இரண்டாவது வருஷக் கடைசியில் 900. இப்போது ஒரு நிகழ்ச்சிக்கு வாங்குவது அந்த 400-ன் இருபது மடங்குக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் தூங்க நேரம் இல்லை. மார்ச்சில் பரீட்சைக் காலம் வந்தால் கல்லூரி விழாக்கள் நின்றுவிடும். ஜூனில் நாலு நாள் வேலை வந்த வருஷமும் உண்டு. காசு கைக்கு வர ஒன்றரை மாதம், சிலரிடம் ஆறு மாதம். ஒரு விழா அமைப்பாளர் இன்னமும் எனக்கு 2019 பாக்கி வைத்திருக்கிறார். பொங்கல் வாழ்த்து மட்டும் தவறாமல் அனுப்புகிறார்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றதே, அப்போது தெரிந்தது இந்தத் தொழிலுக்கு அடியில் தரை இல்லை என்று. கன்சோலைக் கடனில் வாங்கியவர்கள்தான் ரொம்ப அடிபட்டார்கள். தம்பி, முதல் ஐந்து வருஷம் சொந்தமாக எதுவும் வாங்காதே. வாடகைக் கம்பெனியின் பொருளில் கற்றுக்கொள். மாமா மைக்செட்டை விடாதே, ஆடி மாதம் அது சோறு போடும்.

நியூட்ரல் | வியாழன் மதியம் 12:40

நான் ஜெனரேட்டர், கரண்ட் வேலை பார்ப்பவன். ஒரே ஒரு விஷயம்.

கல்யாண மண்டபம் ஒன்றில் த்ரீ ஃபேஸ் எடுத்தோம். நியூட்ரல் கம்பி பழசு, முனையில் லூஸ். யாரும் பார்க்கவில்லை. நலங்கு நடக்கும்போது அது விட்டுப்போச்சு. நியூட்ரல் போனால் 230 வர வேண்டிய இடத்தில் எந்த ஃபேஸில் லோடு குறைச்சலோ அங்கே வோல்டேஜ் எகிறும், இரண்டு ஃபேஸ் நடுவில் இருக்கும் 400 வரைக்கும் கூடப் போகும். ஒரு ஃபேஸில் சீரியல் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்து போச்சு, இன்னொன்றில் இரண்டு ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை. மைக்கைப் பிடித்திருந்தவருக்கு ஒன்றும் ஆகாதது அவர் அம்மா செய்த புண்ணியம்.

நல்ல மைக் வாங்குவதற்கு முன் மல்டிமீட்டர் வாங்கு. செருகுவதற்கு முன் ஃபேஸ்–நியூட்ரல், நியூட்ரல்–எர்த் இரண்டையும் பார். டெஸ்டர் மட்டும் நம்பாதே. ம்ம் என்று இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னைப் பிடுங்குகிறவனைக் கண்டால் அவனை விட்டு ஓடிவிடு. இ.சி.இ. படித்தவன் நீ, உனக்கு விளக்க வேண்டியதில்லை.

க்யூ 47 | வியாழன் மாலை 4:20

நியூட்ரல் அண்ணனுக்கு ஒரு கும்பிடு.

நாடகப் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் கொஞ்சம். கச்சேரியில் எல்லா மைக்கும் திறந்திருக்கலாம். மியூசிக்கலில் முடியாது. இருபது நடிகர், ஆளுக்கு ஒரு குட்டி மைக், நெற்றி மயிருக்குள் ஒளித்து ஒட்டியிருப்போம். இருபதையும் திறந்தால் மூச்சிரைப்பும் துணி உரசலும்தான் கேட்கும். அதனால் வசனத்துக்கு வசனம், பேசுகிறவர் ஃபேடர் மட்டும் மேலே. வாய் மூடியதும் கீழே. நாடகப் புத்தகத்தைப் பாடமாக வைத்திருக்க வேண்டும். நடிகர் வசனத்தை மறந்தால் பார்வையாளருக்கு முன் எனக்குத் தெரியும், என் விரல் அந்தரத்தில் நிற்கும்.

எதிரி வியர்வை. மைக்கின் நுனியில் ஒரு சொட்டு இறங்கினால் குரல் போர்வைக்குள் போய்விடும். இடுப்பில் கட்டும் டிரான்ஸ்மிட்டரை ஆணுறைக்குள் போட்டுக் கட்டுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். முதல் தடவை மருந்துக் கடையில் மூன்று டஜன் கேட்டபோது கடைக்காரர் என்னையும் பில்லையும் மாறி மாறிப் பார்த்தார். "நாடகத்துக்கு" என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது.

தேக்கா ஒலி | வெள்ளி காலை 7:45

சிங்கப்பூரிலிருந்து. இங்கே அரங்க வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு: உயரத்தில் ஏறி வேலை செய்ய அதற்கான பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் ட்ரஸ் (விளக்கும் பாக்ஸும் தொங்கும் உலோகச் சட்டம்) பக்கம் விட மாட்டார்கள். எத்தனை வருஷ அனுபவம் என்றாலும் கீழேதான் நிற்கணும். காலை 8 என்றால் 7:50-க்கு பூட்ஸ் போட்டு நிற்கணும். 2002-ல் திறந்த எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் முதன்முதலில் ஒரு நாதஸ்வரக் கச்சேரிக்கு உதவப் போனேன். அங்கே கூடவே பிறந்த எதிரொலி அவ்வளவு அழகு. தவிலுக்கு மைக் வைக்கத் தயாராக நின்றவன், முதல் அடி விழுந்ததும் மைக்கைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன். எப்போது வைக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

தம்பிக்கு என் யோசனை: ஹெல்ப்பராகப் போய்க்கொண்டே படி. 2012-ல் எக்ஸ்32 என்ற மிக்சர் வந்த பிறகு டிஜிட்டல் மிக்சர் சின்ன கம்பெனிக்கும் வந்துவிட்டது. அதன் எடிட்டர் மென்பொருள் இலவசம். மிக்சரே இல்லாமல் லேப்டாப்பில் போட்டு எந்த மெனு எங்கே என்று விரலுக்குப் பழக்கு. மேடையில் ஒருவர் "அதைக் கொஞ்சம் பார்" என்று நகரும் அந்த இரண்டு நிமிஷம் வரும். அப்போது திணறக் கூடாது.

மைக்செட் தம்பி | அடுத்த மாதம், ஞாயிறு மதியம் 3:10

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆடித் திருவிழா முடிந்து இப்போதுதான் தூங்கி எழுந்தேன்.

முந்தாநாள் ராத்திரி கர்ண மோட்சம். மாமாவிடம் சண்டை போட்டு நாலு மைக்கை இரண்டாக்கினேன். ஒன்றை முன் விளிம்பில் தரையோடு வைத்தேன், ஒன்றைக் கிரீடத்துக்கு ஓரடி மேலே இறக்கினேன். பாக்ஸை இரண்டு பக்கமும் முன்னால் நகர்த்தினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஹார்மோனியக்காரர் வந்ததும் ஒரு கட்டையும் ஆறு கட்டையும் அழுத்தச் சொன்னேன். என்ன பைத்தியம் என்று பார்த்தார். மைக்கை ஏத்தினேன், ஆறு கட்டைக்குக் கொஞ்சம் கீழே பாடியது. 400-ல் இறக்கினேன், நின்றது! அடுத்து 2500 பக்கம் ஒன்று. அங்கே கொஞ்சமாகத்தான் தொட்டேன், ஃபேடர் சார் சொன்ன "அத்தியவான்" ஞாபகம் வந்தது.

பத்து மணிக்குக் குழாயை நிறுத்தினோம். வழக்கமாக அதற்கப்புறம் கிழவிகள் மேடை கிட்டே நகர்ந்து வருவார்கள். இந்தத் தடவை பாய் போட்ட இடத்திலேயே இருந்தார்கள். கர்ணன் புலம்பும்போது பின்னால் டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது. கட்டியக்காரர் (கூத்தின் கோமாளி) நடுவில் வந்து "இன்னிக்கி மைக்கு நம்ம பேச்சைக் கேக்குதுடோய்" என்று போட்டார், ஜனம் சிரித்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் குழாய் இரண்டை விற்றுவிடலாமா என்று கேட்டார்.

ஹெல்ப்பராகச் சேர்ந்துவிட்டேன். நாளை காலை ஏழு மணிக்கு முதல் லோடு. கோர்ஸை அடுத்த வருஷம் பார்க்கலாம். அம்மாவிடம் மானிட்டர் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். 2019 பாக்கிக் கதையைக் கேட்டதும் "பொங்கல் வாழ்த்தை வாங்காதே என்று அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்றார்.

ஒரு சந்தேகம். கருப்புச் சட்டை கொண்டு வரச் சொன்னார்கள். ஷூ கட்டாயமா? என்னிடம் செருப்புதான் இருக்கிறது.

பழைய ஃபேடர் | ஞாயிறு மதியம் 3:18

கட்டாயம். இன்றைக்கே திண்டிவனம் போய் வாங்கு. பேஸ் பாக்ஸ் செருப்புக் கால் என்று பார்த்து விழாது.

மானிட்டர் அக்கா | ஞாயிறு மதியம் 3:25

டார்ச், மார்க்கர், கருப்பு டேப், காதடைப்பான். பிஸ்கட் பாக்கெட் இரண்டு, ஏனென்றால் சாப்பாடு நாலு மணிக்குத்தான் வரும். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.